தோம்பிற் பெயர் யாருடையது? – பங்கு டோக்கன்களின் முன்வரலாறு

யாழ்ப்பாணக் கோட்டையை 1658 ஆம் ஆண்டிற் கைப்பற்றி, 1795 ஆம் ஆண்டு வரை இந்நிலத்தை ஆண்டவர் ஒல்லாந்தர் என்பது மாணவர் யாவரும் அறிந்ததே. ஆயின், ஈண்டு ஆண்டது ஒல்லாந்த அரசன்று, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியக் கம்பனி என்பதும், அக்கம்பனி பலருடைய பங்குப் பணத்தால் இயங்கிய வாணிக நிறுவனம் என்பதும் போதிய அளவு சிந்திக்கப்படுவதில்லை. போர்த்துக்கேயர் தொடங்கிவைத்த வழக்கத்தைப் பின்பற்றி, தம் ஆட்சிக்குட்பட்ட குடிகளையும் நிலங்களையும் கம்பனியார் பேரேடுகளிற் பதிந்து வைத்தனர். அப்பேரேடே தோம்பு எனப்பட்டது. குடிகளைக் குறித்தது தலைத்தோம்பு. காணிகளைக் குறித்தது காணித்தோம்பு. ஒரு காணிக்கு இருவர் உரிமை கோருமிடத்து, பதிவில் உள்ள பெயர் யாருடையது என்னும் வினா எழாதிருத்தல் அரிது.

பிறருடைய காணிகளை ஏட்டிற் பதிந்த அக்கம்பனியின் உடைமையும் ஓர் ஏட்டிலேயே பதியப்பட்டிருந்தது. கம்பனியின் பங்குகள் யார் யாருக்கு உரியன என்பதைக் கூறும் பேரேடு அம்ஸ்டர்டாம் நகரில் இருந்தது. பங்கு என்னும் உடைமையின் நானூறு ஆண்டு வரலாறு, ஒரு வகையில், அந்தப் பேரேட்டின் வரலாறே. 2025 ஆம் ஆண்டில் உலகச் சந்தைகளிற் பெரிதும் பேசப்பட்ட ‘பங்கு டோக்கன்’ என்னும் புதுப்பொருளும் அவ்வரலாற்றின் ஒரு புதிய ஏடேயாகும். டோக்கன் ஒன்றைக் காசு கொடுத்து வாங்குபவர் உண்மையில் எதற்கு உரியவராகின்றார்? இவ்வினாவுக்கு விடை கணினியின் நுட்பத்திற் கிடைப்பதிலும் பழைய பேரேடுகளின் வரலாற்றிற் கிடைப்பதே மிகுதி.

பேரேட்டிற் பிறந்த பங்கு

ஒல்லாந்த ஐக்கிய மாகாணங்களின் பேரவை 1602 ஆம் ஆண்டு மார்ச்சு 20 ஆந் திகதி கிழக்கிந்தியக் கம்பனிக்குப் பட்டயம் வழங்கியது. அவ்வாண்டு ஓகத்து மாத முடிவு வரை பங்குப் பணம் செலுத்த விரும்பியோர் தம் பெயரையும் தொகையையும் பதியலாம் என அறிவிக்கப்பட்டது. அம்ஸ்டர்டாமில் அப்பதிவு நடந்த இடம் டிர்க் வான் ஓஸ் என்னும் வணிகரின் இல்லம். அந்நகரில் மட்டும் 1,143 பேர் பெயர் பதிந்தனர். பெருவணிகர் பல்லாயிரம் கில்டர் எழுதிய அதே ஏட்டில், வான் ஓஸ் வீட்டுப் பணிப்பெண் நீல்ட்ஜென் கோர்னெலிஸ் என்பவள் 100 கில்டர் எழுதினாள். ஆறு நகர்ப் பிரிவுகளிலும் திரண்ட மூலதனம் ஏறக்குறைய 64 இலட்சம் கில்டர். அதிற் பாதிக்கு மேற்பட்டது அம்ஸ்டர்டாமிற் சேர்ந்தது.

பெயர் பதிந்தோருக்கு இக்காலத்திற் போன்ற பங்குப் பத்திரம் வழங்கப்படவில்லை. செலுத்திய பணத்துக்குப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டதுண்டு. எங்குய்சன் நகர்ப் பிரிவினர் 1606 ஆம் ஆண்டில் வழங்கிய அத்தகைய சீட்டொன்று 2010 ஆம் ஆண்டிற் கண்டெடுக்கப்பட்டு, ‘உலகின் மிகப் பழைய பங்கு’ எனப் பெயர் பெற்றது. ஆயினும் அச்சீட்டு பங்கன்று; பணம் பெற்றமைக்குச் சான்று மட்டுமே. பங்கு இருந்த இடம் ஏடு. பங்கை விற்க விரும்பியவரும் வாங்க விரும்பியவரும் கம்பனிக் கணக்கரிடம் நேரிற் சென்று, பணிப்பாளர் இருவரின் ஒப்புதலோடு, ஒருவர் பெயரிற் கழித்து மற்றவர் பெயரிற் கூட்டி எழுதுவித்தனர். அவ்வாறு மாற்றலாம் என்னும் விதி அப்பதிவேட்டின் தொடக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தது. எழுத்து மாறியபொழுதுதான் உடைமை மாறியது.

பட்டயத்தின்படி பத்தாண்டு கழித்து, 1612 இல், கணக்கை முடித்து முதலை மீளப் பெறுதல் இயலுமென மக்கள் எதிர்பார்த்தனர். அது நடைபெறவில்லை. முதலைக் கம்பனியிடமிருந்து மீட்க வழியில்லாதவர் அதனை வேறொருவருக்கு விற்றே பணமாக்க வேண்டியதாயிற்று. பங்குச் சந்தை வளர்ந்தமைக்கு இதுவே தலையாய காரணம்.

பங்கின் நிழல்

ஏட்டிற் பெயர் மாற்றுதல் காலம் எடுக்கும் வினை. சந்தையோ காத்திருக்க விரும்புவதில்லை. ஆகவே பங்கு கைமாறுமுன், பங்கைப் பின்னொரு நாளில் இன்ன விலைக்குத் தருவேன் என்னும் வாக்குக் கைமாறத் தொடங்கியது. கம்பனியின் பெரும் பங்காளருள் ஒருவராயிருந்து, பின் பணிப்பாளரோடு பகைத்து விலகிய ஐசக் லெ மெயர் 1609 ஆம் ஆண்டிற் சிலரோடு கூடி மறைவாக ஒரு கூட்டு அமைத்தார். இக்கூட்டினர் தம்மிடம் உள்ளதிலும் மிகுதியான பங்குகளை, பின்னர்த் தருவதாகக் கூறி, விற்றனர். விலை வீழ்ந்தபின் மலிவாக வாங்கிக் கொடுத்தல் அவர்தம் எண்ணம். பணிப்பாளர் முறையிட, 1610 ஆம் ஆண்டு மாசி மாதத்திற் பேரவை கட்டளை ஒன்று பிறப்பித்தது. ஏட்டிற் தன் பெயரில் இல்லாத பங்கை எவரும் விற்றல் ஆகாது. விற்ற பங்கு ஒரு மாதத்துள் ஏட்டில் மாற்றப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். கட்டளை பிறந்ததேயன்றி அவ்வணிகம் ஒழியவில்லை. நீதிமன்றம் ஏற்காவிடினும், வணிகர் தம் நாணயத்தை நம்பி அதனைத் தொடர்ந்தனர்.

அந்நூற்றாண்டின் இறுதியில் நிழல் மேலும் நீண்டது. யோசேப்பு டி லா வேகா என்பவர் 1688 இல் அம்ஸ்டர்டாமிலிருந்து ஸ்பானிய மொழியில் வெளியிட்ட ‘குழப்பங்களின் குழப்பம்’ என்னும் நூல், பங்குச் சந்தை பற்றி எழுந்த முதல் நூல் எனப் போற்றப்படுவது. முழுப் பங்கு ஒன்றன் பெயரளவு மதிப்பு 3,000 கில்டராக வழங்கிய காலம் அது. எளியோர்க்கு அஃது எட்டாதது. ஆகவே அதிற் பத்தில் ஒரு கூறாகிய ‘டுக்காட்டன் பங்கு’ என்பது சந்தையிற் புகுந்தமையை அந்நூல் கூறுகின்றது. டுக்காட்டன் என்பது அந்நாட்டு வெள்ளி நாணயம் ஒன்றன் பெயர். இச்சிறு பங்குகள் கம்பனியின் ஏட்டில் யாண்டும் இல்லை. அவற்றை வாங்கியோர் விற்றோர் பெயரைத் தனியொரு காசாளர் தம் ஏட்டிற் குறித்துவைத்து, மாதந்தோறும் விலையின் ஏற்ற இறக்க வேற்றுமையைத் தீர்த்துவைத்தார். வாங்கியவருக்குக் கிடைத்தது விலையின் அசைவு. கம்பனியிற் பங்கு அன்று.

இவ்விரண்டு ஏடுகளையும் மனத்திற் கொள்ளுதல் வேண்டும். ஒன்று கம்பனியின் ஏடு. மற்றொன்று வேறொருவர் வைத்த ஏடு. முன்னதிற் பெயருள்ளவர் கம்பனியின் பங்காளர். பின்னதிற் பெயருள்ளவர் அவ்வேட்டை வைத்தவரையும் எதிர்த்தரப்பினரையும் நம்பியிருப்பவர். விலை இருவருக்கும் ஒன்றே, உரிமை ஒன்றன்று.

சீட்டும் வைப்பகமும்

பதினெட்டாம் பத்தொன்பதாம் நூற்றாண்டுகளிற் பங்குகள் நாட்டெல்லை கடந்தன. தொலைவிலுள்ள கம்பனியின் ஏட்டிற் தம் பெயரைப் பதிவித்தல் முதலிட்டவர்க்கு இயலாதாயிற்று. ஒல்லாந்தர் இதற்கு ஒரு வழி கண்டனர். நம்பிக்கைக்குரிய ஓர் அலுவலகம் வெளிநாட்டுப் பங்குகளைத் தன் பெயரில் வாங்கி வைத்து, அவற்றுக்கு ஈடாகத் தன் நாட்டிற் சீட்டுகளை வழங்கியது. அமெரிக்க இருப்புப்பாதைக் கம்பனிகளின் பங்குகள் பலவும் இவ்வகையிலேயே அம்ஸ்டர்டாமிற் கைமாறின.

அமெரிக்கரும் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டனர். 1927 ஆம் ஆண்டில் நியூயோர்க்கின் கரண்டி றஸ்ற் கம்பனி, இலண்டன் செல்ஃப்ரிட்ஜ் நிறுவனத்தின் மாகாணக் கடைகளுக்குரிய பங்குகளுக்கு ‘அமெரிக்க வைப்புச் சீட்டு’ என்பதனை முதன்முதலாக வெளியிட்டது. மூலப் பங்கு இங்கிலாந்தில் வங்கியின் காப்பில் இருந்தது. அதன் சீட்டு நியூயோர்க்கில் டொலருக்கு விற்றது. பங்கிலாபம் வந்தால் வங்கி அதனை டொலராக்கிச் சீட்டாளருக்கு அளிக்கும். சீட்டைத் திருப்பிக் கொடுத்து மூலப் பங்கைப் பெறவும் வழியுண்டு. இங்கும் கம்பனியேட்டில் உள்ள பெயர் சீட்டாளருடையதன்று. எனினும் டுக்காட்டன் பங்குக்கும் வைப்புச் சீட்டுக்கும் பெரியதொரு வேற்றுமை உளது. முன்னதன் பின்னால் வாக்கு ஒன்றே உண்டு. பின்னதன் பின்னால் எண்ணிக்கை குறையாது காக்கப்படும் பங்கு உண்டு.

இனி, உள்நாட்டிலேயே பங்காளரின் பெயர் கம்பனியேட்டிலிருந்து மறைந்த கதை கருதற்பாலது. 1960 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவிற் பங்கு வணிகம் பெருகியது. ஒவ்வொரு விற்பனைக்கும் காகிதப் பத்திரம் ஒன்று கைக்குக் கை சென்று, கம்பனியேட்டிற் பெயர் மாற்றப்பட வேண்டியிருந்தது. தரகர் அலுவலகங்களிற் பத்திரங்கள் மலையெனக் குவிந்தன. சில தொலைந்தன, சில களவு போயின. நியூயோர்க் பங்குச் சந்தை எழுத்து வேலையை முடிப்பதற்காக 1968 யூன் முதல் அவ்வாண்டு முடிவு வரை புதன்கிழமைகளில் மூடப்பட்டது. இவ்விடர்க்கு மருந்தாக 1973 இல் வைப்பு நம்பிக்கைக் கம்பனி என்னும் மைய வைப்பகம் நிறுவப்பட்டது. பத்திரங்கள் யாவும் ஓரிடத்தில் அசையாது வைக்கப்பட்டன; கம்பனிகளின் ஏடுகளில் அவ்வைப்பகத்தின் பெயராளியாகிய ‘சீட் அன் கோ’ என்பதன் பெயர் எழுதப்பட்டது. வைப்பகத்தின் ஏட்டிற் தரகர் பெயரும், தரகரின் ஏட்டில் வாடிக்கையாளர் பெயரும் இருந்தன. கம்பனிக்கும் பங்காளருக்கும் இடையில் இவ்வாறு இரண்டு மூன்று ஏடுகள் அடுக்காக வந்து நின்றன. முதலிட்டவருக்கு இருப்பது பங்கின் பயனுரிமை என்றும், ஏட்டுரிமை பெயராளியுடையது என்றும் சட்டம் வகுத்துக் கூறியது.

எல்லா நாடுகளும் ஒரே வழியிற் செல்லவில்லை. இலங்கையில் 1896 ஆம் ஆண்டிலேயே கொழும்புப் பங்குத் தரகர் சங்கம் தோன்றித் தோட்டக் கம்பனிகளின் பங்குகளைக் கைமாற்றியது. 1985 இல் இன்றைய பரிவர்த்தனை நிலையத்துக்கு அடிகோலப்பட்டது. 1991 இல் நிறுவப்பட்ட மத்திய வைப்புத் திட்டத்திற் கணக்குகள் முதலீட்டாளர் ஒவ்வொருவரின் பெயரிலும் வைக்கப்படுகின்றன. காகிதம் ஒழிந்தது, பெயர் ஒழியவில்லை.

அடுக்குமுறையின் குறை வெளிப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. டோல் உணவுக் கம்பனியின் பங்குகள் 2013 இல் ஒருவராலேயே முழுவதும் வாங்கப்பட்டன. அது தொடர்பான வழக்கில், முன்னைய பங்காளருக்கு இழப்பீடு வழங்குமாறு டெலவேயர் நீதிமன்றத்தில் இணக்கம் ஏற்பட்டது. இழப்பீட்டுக்கு உரிய பங்குகள் 36,793,758. தமக்கு உரியனவெனக் கோரிக்கை வந்த பங்குகளோ 49,164,415. பொய் கூறியவர் எவருமிலர். கடன் வாங்கிய பங்குகளை விற்றல், விற்றபின் பெயர் மாறுதற்குச் சில நாள் பிடித்தல் ஆகியவற்றால், ஒரே பங்குக்கு இருவர் ஏட்டுச் சான்று காட்டக்கூடிய நிலை உண்டாயிருந்தது. நீதிபதி 2017 ஆம் ஆண்டிற் தம் தீர்ப்பில் இதனை எடுத்துக்காட்டி, யாவரும் காணத்தக்க பகிர்வேடு இக்குறையைத் தீர்க்கக்கூடும் என்பதையும் சுட்டினார். லெ மெயர் காலத்தில் எழுந்த வினா நானூறு ஆண்டின் பின்னும் தீராதிருந்தமை இதனால் விளங்கும்.

டோக்கனின் அமைப்பு மூன்று

பகிர்வேடு என்பது யாது? ஒரே பேரேட்டின் படிகளைப் பலர் தத்தம் கணினிகளில் வைத்திருப்பர். புதிய பதிவு ஒன்றை எல்லாப் படிகளும் ஒத்தே ஏற்கும். முன்னைய பதிவை ஒருவர் தனித்து அழித்தல் அரிது. புளொக்செயின் என வழங்கும் இம்முறை 2009 ஆம் ஆண்டிற் பிட்கொயின் நாணயத்துடன் செயற்பாட்டுக்கு வந்தது. 2015 இல் தொடங்கிய எதீரியம், நாணயத்தையன்றிப் பிற உடைமைகளையும் ஒப்பந்தங்களையும் இவ்வேட்டிற் குறிப்பதற்கு வழி திறந்தது. இவ்வேட்டில் ஓர் உடைமையைக் குறித்துநிற்கும் பதிவே டோக்கன். அதனை இரவும் பகலும் கைமாற்றலாம். ஒரு பங்கை நூறு கூறாக்கியும் விற்கலாம்.

ஆயின், ‘பங்கு டோக்கன்’ என்னும் ஒரே பெயரால் வழங்குவன அமைப்பில் ஒன்றல்ல. அவற்றை மூன்றாகப் பகுத்தல் பொருந்தும்.

முதலாவது, கம்பனியின் பங்கேடே பகிர்வேட்டோடு இணைந்திருப்பது. டெலவேயர் மாநிலம் 2017 ஆம் ஆண்டிற் தன் கம்பனிச் சட்டத்தைத் திருத்தி, பங்கேட்டை இத்தகைய வலையமைப்பிற் பேணலாம் என அனுமதித்தது. 2025 செத்தெம்பரில் கலக்சி டிஜிற்றல் என்னும் நிறுவனம், அமெரிக்க ஆணைக்குழுவிற் பதிவுபெற்ற தன் சாதாரண பங்குகளையே சொலானா என்னும் பகிர்வேட்டில் டோக்கனாக்க வழிசெய்தது. டோக்கன் கைமாறும்பொழுது பதிவாளரால் பங்காளர் ஏடும் மாற்றப்படும். இங்கு டோக்கன் வேறு பங்கு வேறு அல்ல. வான் ஓஸ் வீட்டு ஏட்டின் நேர்வழித் தோன்றல் இதுவே.

இரண்டாவது, காப்பிலுள்ள பங்குக்கு ஈடாக வழங்கப்படுவது. 2025 யூன் 30 இல் வெளிவந்த ‘எக்ஸ்ஸ்ரொக்ஸ்’ இவ்வகையினது. யேர்சித் தீவிற் பதிவுபெற்ற தனிநோக்கக் கம்பனி ஒன்று இவற்றை வெளியிடுகின்றது. அமெரிக்கப் பங்குகளை வாங்கிக் காப்பாளரிடம் வைத்து, அவற்றின் விலையைப் பின்தொடரும் சான்றிதழ்களாக டோக்கன்களை அது வழங்குகின்றது. டோக்கனாளர் மூலக் கம்பனியின் பங்காளர் ஆகார். பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் உரிமையும் அவருக்கில்லை. பங்கிலாபம் பணமாகக் கைக்கு வராது, டோக்கன் எண்ணிக்கையின் பெருக்கமாகக் கணக்கிற் சேரும். 1927 இன் வைப்புச் சீட்டு இதன் முன்னோர் எனலாம். ஆயினும் பங்காளர் உரிமைகளைச் சீட்டாளருக்கு எட்டச் செய்வதற்கு வைப்பு வங்கி கொண்டிருந்த கடப்பாடுகளை இவ்வகை டோக்கனில் முழுமையாக எதிர்பார்த்தல் ஆகாது.

மூன்றாவது, விலையை மட்டும் பின்தொடரும் ஒப்பந்தம். ரொபின்கூட் நிறுவனம் அதே 2025 யூன் 30 இல் ஐரோப்பிய ஒன்றியத்து வாடிக்கையாளருக்காக இருநூறுக்கு மேற்பட்ட அமெரிக்கப் பங்குகள், நிதியங்களின் பெயரில் டோக்கன்களை வெளியிட்டது. இவற்றை வாங்குவோர் மூலப் பங்கை வாங்குவதில்லை என்றும், பகிர்வேட்டிற் குறிக்கப்படும் பெறுதி ஒப்பந்தம் ஒன்றையே அந்நிறுவனத்தோடு செய்துகொள்கின்றனர் என்றும் நிறுவனத்தின் விளக்கமே கூறியது. 2020 திசெம்பரிற் தோன்றிய ‘மிரர்’ என்னும் திட்டம் இன்னும் ஒரு படி கடந்தது. அதில் மூலப் பங்கை வைத்திருக்கும் காப்பாளர் எவருமிலர். வேறு எண்ம நாணயங்களை ஈடாகக் கட்டிப் பங்கின் விலைச்சாயல் மட்டும் ஆக்கப்பட்டது. டி லா வேகா கண்ட டுக்காட்டன் பங்கு, மின்னணு வடிவில் மீண்டும் பிறந்தது என்றல் மிகையன்று.

இம்மூன்றும் ஒரே திரையில், ஒரே கம்பனியின் பெயரையும் ஏறக்குறைய ஒரே விலையையும் தாங்கித் தோன்றக்கூடியன. ஆகவேதான் வேற்றுமையை அறிதல் கடினமாகின்றது. யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விளக்க வேறு உவமை தேடவேண்டியதில்லை. ஒல்லாந்தர் 1707 ஆம் ஆண்டிற் தொகுப்பித்த தேசவழமையில் ஒற்றி முறை கூறப்படுகின்றது. ஒற்றிக்காரர் கொடுத்த பணத்துக்கு வட்டி பெறாது காணியின் விளைவை அனுபவிப்பர். மாங்கனி அவர் வீட்டுக்கு வரும். பனையோலை அவர் வேலிக்கு வரும். அதனாற் காணி அவருடையதாகிவிடாது. உறுதியிற் பெயர் காணிக்காரருடையதே. ஒற்றி குற்றமான முறையன்று. ஒற்றியை அறுதி விலையென்று எண்ணிப் பணம் கொடுப்பவரே இடர்ப்படுவர்.

சோதனை வந்த காலம்

சந்தை செழித்த காலத்தில் மூன்று அமைப்புக்கும் வேற்றுமை தோன்றாது. நிறுவனம் தளர்ந்த நாளிலேயே ஏட்டின் தன்மை வெளிப்படும். பைனான்ஸ் நிறுவனம் 2021 ஏப்பிரலில் டெஸ்லா முதலியவற்றின் பங்கு டோக்கன்களை விற்கத் தொடங்கியது. அம்மாதத்திலேயே செருமானிய நிதி மேற்பார்வையாளர், முறையான விளக்கவறிக்கை வெளியிடப்படாமை பற்றி எச்சரித்தனர். யூலையில் விற்பனை நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு ஒற்றோபருடன் அத்திட்டம் முடிவுற்றது.

2022 ஆம் ஆண்டு மேலும் கடிய பாடம் புகட்டியது. மிரர் திட்டம் தங்கியிருந்த ‘டெர்ரா’ நாணய அமைப்பு மே மாதத்திற் சரிந்தது. பங்குகளின் சாயலைத் தாங்கிய அந்த டோக்கன்களின் அடித்தளமும் அதனோடு ஆட்டங்கண்டது. மூலக் கம்பனிகளில் எத்தீங்கும் நேர்ந்ததில்லை. அதே ஆண்டு நவம்பர் 11 ஆந் திகதி எவ்.ரி.எக்ஸ். நிறுவனம் வங்குறோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2020 முதல் அதுவும் பங்கு டோக்கன்களை விற்றுவந்தது. டெஸ்லாவும் அப்பிளும் வழக்கம்போல இயங்கின; அவற்றின் ஏட்டில் ஓர் எழுத்தும் மாறவில்லை. ஆனால் டோக்கனாளர் அக்கம்பனிகளின் வாயிலிற் சென்று நிற்க இயலவில்லை. அவர் நாடவேண்டியிருந்தது, எவ்.ரி.எக்ஸின் கணக்குகளை ஆராய்ந்த வங்குறோத்து நீதிமன்றத்தையே.

2025 யூலையில் வேறொரு நிகழ்ச்சி. ரொபின்கூட் நிறுவனம் தன் தொடக்க விழாவையொட்டி, ஓப்பன்ஏஐ, ஸ்பேஸ்எக்ஸ் என்னும் கம்பனிகளின் பெயரிலும் டோக்கன்களை இலவசமாக வழங்கியது. அவ்விரண்டும் அக்காலத்திற் பங்குச் சந்தையிற் பட்டியலிடப்படாத தனியார் கம்பனிகள். ஓப்பன்ஏஐ உடனே, அந்த டோக்கன்கள் தன் பங்குகள் அல்ல என்றும், தான் அம்முயற்சியிற் கூட்டுச் சேரவில்லை என்றும் வெளிப்படையாக அறிவித்தது. லித்துவேனியா மத்திய வங்கி விளக்கம் கேட்டது. ஒரு கம்பனியின் பெயரைத் தாங்கிய பொருள், அக்கம்பனியின் ஒப்புதலின்றியே உலவக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி தெளிவாக்கியது. அவ்வாண்டு செத்தெம்பரில், பங்காளர் அல்லாதாரைப் பங்காளர் என எண்ணச்செய்யும் இடர் இத்தகைய டோக்கன்களில் உண்டென ஐரோப்பியப் பிணையங்கள் மேற்பார்வை அதிகாரசபையைச் சார்ந்தோரும் எச்சரித்தனர்.

இவற்றால் டோக்கன் முறையே தீது என முடிவுகட்டுதல் வரலாற்றுக்கு ஒவ்வாது. டோல் வழக்கிற் கண்ட குறை பழைய முறையின் குறை. பங்கு விற்றபின் உடைமை மாறுதற்கு எடுக்கும் காலத்தை அமெரிக்கச் சந்தை 2024 மே மாதத்திலேதான் ஒரு நாளாகக் குறைத்தது. பகிர்வேட்டில் அது நொடிப்பொழுதில் நிகழவல்லது. பணிப்பெண் ஒருத்தி 100 கில்டருக்குப் பங்காளியாகிய வாய்ப்பு, பின்னாளிற் பங்கு விலை ஏறியபொழுது எளியோர்க்கு அற்றுப்போயிற்று. கூறாக்கப்பட்ட டோக்கன் அவ்வாய்ப்பை மீட்டளிக்கக்கூடும். 1973 இன் மைய வைப்பகமும் இவ்வழியிற் காலடி வைத்துள்ளது. அது தன் வைப்பிலுள்ள பிணையங்களின் பயனுரிமையை மூன்றாண்டுக் காலத்துக்கு டோக்கனாக்க முற்படின் எதிர்நடவடிக்கைக்குப் பரிந்துரைப்பதில்லை என அமெரிக்க ஆணைக்குழுவின் அலுவலர் 2025 திசெம்பரிற் கடிதம் வழங்கினர். அங்கும் கம்பனியேட்டில் இருக்கப்போவது ‘சீட் அன் கோ’ என்னும் பழைய பெயரே என்பது கவனிக்கத்தக்கது.

முடிவுரை

பகிர்வேடு அழியாதது, ஏமாற்ற முடியாதது என்பர். அது தன்னிற் பதியப்பட்டதைக் காப்பதில் வல்லதாயிருக்கலாம். ஆயின் ‘இந்த டோக்கன் இன்னாரிடம் உளது’ என்பதையே அது சான்று பகரும். அந்த டோக்கனுக்குப் பின்னாற் பங்கு உண்டா, அப்பங்கு யார் பெயரில் உளது, வெளியிட்டவர் வீழ்ந்தாற் பங்கு கடனீந்தோர் கைக்குச் செல்லாது காக்கப்படுமா என்பவற்றை அதன் கணிதம் கூறாது. அவற்றைக் கூறுவன ஒப்பந்தமும் நாட்டின் சட்டமுமே. ஆகவே டோக்கன் ஒன்றை ஆராயும் மாணவன் வினாவவேண்டியன நான்கு. கம்பனியின் ஏட்டிற் பெயர் யாருடையது? டோக்கனுக்கு ஈடான பங்கு காப்பில் உளதா, உளதாயின் யாருடைய காப்பில்? பங்கிலாபமும் வாக்குரிமையும் யாரிடம் சேரும்? வெளியிட்டவர் நொடித்தால், டோக்கனாளர் உடைமையாளர் வரிசையில் நிற்பாரா, கடனீந்தோர் வரிசையில் நிற்பாரா?

இந்நான்கு வினாக்களும் புதியன அல்ல. 1602 இல் வான் ஓஸ் இல்லத்திற் பெயர் பதிந்தோர் முதல் வினாவுக்கு ஏட்டைத் திறந்து காட்டி விடை கூறியிருப்பர். 1688 இல் டுக்காட்டன் பங்கு வாங்கியோர் அதற்கு விடை கூறவியலாது நின்றிருப்பர். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் மாறியது எழுதுபொருளே: தோலிறகுப் பேனா போய் அச்சுப் பத்திரம் வந்தது, பத்திரம் போய்க் கணினிப் பதிவு வந்தது, இன்று பகிர்வேடு வந்துள்ளது.

அந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கடனில் மூழ்கி, 1799 ஆம் ஆண்டின் இறுதியோடு பட்டயம் காலாவதியாக, வரலாற்றிலிருந்து மறைந்தது. ஒருகாலத்தில் உலகிற் பெருமதிப்புப் பெற்ற அதன் பங்கு இன்று எவருக்கும் ஒரு காசு ஈட்டித் தருவதில்லை. ஆனால் அது வைத்த ஏடுகள் அழியவில்லை. ஒல்லாந்தர் காலத் தோம்புகள் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. அவற்றைப் புரட்டும் ஆராய்ச்சியாளர் இன்றும் காண்பது பெயர்களையே. காணியை உண்மையில் உழுதவர், விளைவை உண்டவர், வேலியடைத்தவர் வேறு பலராயிருந்திருக்கலாம். ஏட்டில் எஞ்சி நிற்பது பதியப்பட்டவரின் பெயர் ஒன்றே.